அருவித் தவளைக்குப் பார்த்த மாப்பிள்ளை

அந்தக் காலத்தில் தவளைகளும் நம்மைப் போலவே பேசின. நம்மைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசின. அப்போது மலையும் ஒன்று, தவளை இனமும் ஒன்று. பிறகு மலை நடுவில் பிளந்து, இடையில் வெயில் காயும் பெரும்பள்ளம் விழுந்தது. பாதித் தவளைகள் வடக்கே நின்றுபோயின, பாதி தெற்கே.

தெற்கே ஓயாமல் இரையும் ஓர் அருவி. அங்கே அடிக்குரலில் கூப்பிட்டவனின் பாட்டு எந்தப் பெண் காதிலும் விழாது. கடைசிவரை அவன் ஒண்டிக்கட்டைதான். கீச்சுக் குரல்காரனுக்கே கல்யாணம் நடந்தது, அவன் பிள்ளைகளுக்கும் கீச்சுக் குரலே வாய்த்தது. வடக்கே அமைதியான காடு. மரங்களுக்கு ஊடே நெடுந்தூரம் போகிற அடிக்குரலுக்குத்தான் அங்கே மவுசு. எண்ணி மாளாத மழைக்காலங்கள் இப்படியே போயின.

ஒரு வருஷம் பெருமழை. பள்ளமெல்லாம் வெள்ளமாக, மரக்கட்டையில் தொற்றிக்கொண்டு வந்த கூதலன் என்ற வடக்கத்தித் தவளை தெற்கே கரை சேர்ந்தான். அருவித் தவளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. முதுகுக் கோட்டைப் பார்த்தன, விரல் நுனியைப் பார்த்தன. எல்லாம் அச்சு அசலாகத் தங்களைப் போலவே இருந்தது. உடனே பாசியப்பன் என்ற பெரியவர் தன் அக்கா மகள் தூறலுக்கு அவனைப் பேசி முடித்துவிட்டார்.

தூறலுக்குப் பகீரென்றது. ஒரு மழைக்கு ஒரு முறைதான் அவள் முட்டையிட முடியும். பொருந்தாதவனோடு சேர்ந்தால் அத்தனை முட்டையும் பொரிக்காமல் வீணாகிவிடும்.

"மாமா, நான் கண்ண மூடிக்கிட்டு அவரு குரலக் கேக்கணும். அதானே நம்ம வழக்கம்?"

"விருந்தாளியப் போயி பாடச் சொல்லுவாகளா? நம்ம ரத்தம்மா அது. தோலப் பாரு, அப்படியே உங்கப்பன் தோலு!"

"எங்கம்மா மட்டும் தோலப் பாத்தா எங்கப்பனக் கட்டுனா, மாமா?"

பாசியப்பன் கூதலன் பக்கம் திரும்பி, பாடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கூதலன் பாடினான். "டொர்ர்... டொக்." தூறல் கண்ணை மூடிக் கேட்டாள். நல்ல குரல்தான், ஆனால் அவள் மனசு துளியும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அருவிப் பாறையில் யாரோ ஒரு நோஞ்சான் "கீக் கீக்" என்றான். அவளுக்குக் கால் தரிக்கவில்லை.

"நீங்க எங்க சொந்தந்தான். ஆனா எனக்கான ஆளு இல்ல" என்று கூதலனிடம் சொல்லிவிட்டு, ஊரே பார்க்கப் பாறைக்குத் தாவினாள்.

பாசியப்பனுக்கு அவமானமாகப் போயிற்று. கூதலன் சிரித்தான்.

"வருத்தப்படாதீக பெரியவரே. உங்க பாட்டும் எனக்கு ஒட்டல. என் குரலுக்குன்னு எங்க காட்டுல ஒருத்தி இருப்பா. ஒரு வீடா இருந்தோம், இப்ப ரெண்டு குலமாப் பெருகிட்டோம். இதுல என்ன குறைச்சல்?"

வெள்ளம் வடியுமுன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவன் வடக்கே நீந்திப் போனான். தூறலின் முட்டைகள் ஒன்றுவிடாமல் பொரித்தன.

அன்று தொட்டுத்தான், பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வடமலைத் தவளை ஓர் இனம், தென்மலைத் தவளை வேறோர் இனம். தவளை தேடி மலையேறும் விஞ்ஞானிகளும் தோலை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், தூறலைப் போலவே இன்றைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.