சத்துணவுக் கூடத்துக்குக் குழாய் வந்த கதை

புளியஞ்சேரி மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மூன்று பிரிவாக இருந்தது. கணக்குக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று. குழாய்ப் பிரிவில் மொத்தம் நாலே பேர்: கொம்பையா, மாசானம், ஜெபராஜ், சொரிமுத்து. நாலு பேரும் நல்ல பையன்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களிடம் இருந்த குறை அது ஒன்றுதான்.

முதல் நாள் வகுப்பில் அருமைநாயகம் சார், "நான் சொல்லுறதுல ஒண்ணு விடாம எழுதிக்கணும் என்ன" என்றார். அன்றைக்கு அவருக்கு நல்ல இருமல். சொரிமுத்து பதினேழு இருமலையும் எழுதிக்கொண்டான். பதினெட்டாவதாக வந்தது இருமலா தும்மலா என்று அவனுக்கும் மாசானத்துக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் இருவரும் சாரிடமே போய்க் கேட்டார்கள். அந்த நிமிஷத்தில்தான் சாருக்குத் தன் வருங்காலம் எப்படியிருக்கும் என்று தெரிந்தது.

பட்டறை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இரண்டாம் வாரமே அங்கே ஒரு குழாய் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சார் இரண்டு கையாலும் வெடிப்பைப் பொத்திக்கொண்டு, "ஏலே, மெயின் வால்வை மூடுங்கல!" என்று கத்தினார். நாலு பேரும் ஓடினார்கள். வால்வின் முன்னால் போய் நின்றார்கள்.

"எத வச்சு மூட?" என்றான் கொம்பையா.

"சாக்கு இருக்கு" என்றான் மாசானம்.

"சாக்கு ஓட்டையா இருக்கே. பாதிதான மூடும். சார் பாதி மூடுங்கன்னா சொன்னாரு?"

சொரிமுத்து தன் சட்டையைக் கழற்றி வால்வின்மேல் போர்த்தினான். ஓரங்களைப் பதமாகச் செருகிவிட்டான். நாலு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். வால்வு கொஞ்சம்கூட வெளியே தெரியவில்லை.

"மூடியாச்சு சார்!"

கொட்டகைக்குள்ளிருந்து சாரின் பதில் வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அது சரியாகக் கேட்காமல் போனது எல்லோருக்கும் நல்லதாயிற்று.

இப்படியே ஆடியும் ஐப்பசியும் தையும் போயின. செய்முறைப் பரீட்சை நெருங்கியது. தலைமையாசிரியர் சாரைக் கூப்பிட்டு, "போன வருஷம் இருந்த ரெண்டு பேரும் ஃபெயில். இந்த வருஷமும் அப்படின்னா பிரிவை மூடிருவாங்க. உமக்கும் வேற ஊருதான்" என்று சொல்லிவிட்டார். மூடிருவாங்க என்பதைக் கேள்விப்பட்ட ஜெபராஜ், இத்தனை பெரிய பிரிவுக்கு எவ்வளவு துணி வேண்டியிருக்கும் என்று கவலைப்பட்டான்.

பரீட்சைக்கான வேலையைத் தலைமையாசிரியரே தேர்ந்தெடுத்தார். பத்தாம் வகுப்புக் கட்டிடத்தின் மாடியிலிருந்த தொட்டியிலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு ஒரு குழாய் இழுக்க வேண்டும்.

அந்தக் கூடத்தில் பூரணம் அக்கா எட்டு வருஷமாகச் சமைக்கிறாள். தண்ணீர் கொல்லைக் கிணற்றிலிருந்து வரவேண்டும், அவள் இடுப்பில் ஏறி. வலது முட்டி வீங்கி, நடக்கும்போது கதவு திறக்கிற மாதிரி சத்தம் போடும். சொரிமுத்துவுக்கு அவள்மேல் தனிப் பிரியம். வீட்டில் அவனை 'ஏ மடையா' என்றார்கள், வகுப்பில் 'சொரி' என்றார்கள். அவள் ஒருத்திதான் தட்டில் சோறு வைக்கும்போது, "சாப்பிடுங்க பிளம்பரே" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் இரண்டாம் தடவையும் சோறு வாங்குவான். வேலை எது என்று தெரிந்த அன்றே மற்ற மூவரையும் கூட்டி, "இந்த ஒரு வேலையிலயாவது சொன்னத அச்சு பிசகாமச் செய்யணும்ல" என்றான். இதுவரை சரியாகச் செய்யாததுதான் குறை என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. முதல் நாள் சார் ஏணியில் நின்று, குழாய் சாய்ந்திருக்கிறதோ என்று பார்த்தபடி, "சொரிமுத்து, ரசமட்டம் பாக்கணும். ஓடு!" என்றார். அவன் சத்துணவுக் கூடத்துக்கு ஓடினான். அன்றைக்கு நல்லவேளையாக ரசம் இருந்தது. ஒரு கரண்டி வாங்கிக் குடித்தான், யோசித்தான், திரும்பி வந்தான்.

"பாத்துட்டேன் சார். மட்டம்னு சொல்ல முடியாது. புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்."

"குழாய் மேல வச்சுப் பாக்கணும்ல!"

மறுபடி ஓடினான். ஒரு கிண்ணம் நிறைய ரசம் வாங்கிவந்து குழாயின் மேல் வைத்தான். ரசம் கிழக்குப் பக்கமாக வழிந்தது. சார் இறங்கி வந்து பார்த்தார். நிஜமாகவே கிழக்குப் பக்கம் அரை அங்குலம் தாழ்ந்துதான் இருந்தது. அவர் கிண்ணத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கிழக்குப் பக்கத்தைச் சரிசெய்தார்.

மறுநாள், "இந்த ரெண்டு குழாய்க்கும் நடுவுல ஒரு டீ போட்டு வைங்கல, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார். அடுப்பு, கெட்டில், பால் எல்லாம் பூரணம் அக்காவிடம் கேட்டு வாங்கி இரண்டு குழாய்க்கும் நடுவே வைத்தார்கள்.

"நம்ம நாலு பேருக்கும் சேத்துப் போடுவமா?" என்றான் மாசானம்.

"ஒரு டீன்னு தெளிவாச் சொன்னாரே. கூடப் போட்டா மார்க்கு போயிரும்" என்றான் கொம்பையா.

சார் வாசலில் நுழையும்போதே கேட்டார்: "டீ போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"டைட்டா இருக்கா?"

"ஸ்ட்ராங்கா இருக்கு சார்."

சார் உள்ளே வந்தார், பார்த்தார். அவர் கேட்ட மூன்று வாய் 'டீ' இணைப்பு பெட்டியிலேயே கிடந்தது. பிறகு உட்கார்ந்து அதைக் குடித்தார். வேறென்ன செய்வார்?

மூன்றாம் நாள் குழாயின் திருகு மரையில் வெள்ளை டேப் சுற்றும் பாடம். "டேப்பை எடுத்து வலப்பக்கமா ஏழு சுத்து. எண்ணிக்கை குறையக்கூடாது. அப்பத்தான் ஒழுகாது" என்றார். ஜெபராஜ் டேப்பைக் கையில் ஏந்தி முன்னால் நடந்தான். மற்ற மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தார்கள். குழாயை வலமாக ஏழு சுற்று சுற்றினார்கள். நாலாவது சுற்றில் மாசானத்துக்கு எண்ணிக்கை தவறியதால் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசியில் கொம்பையா குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதற்கப்புறம் சார் எதையும் வாயால் சொல்வதை விட்டுவிட்டார். ஒவ்வொன்றையும் தானே செய்து காட்டினார். பையன்கள் பார்த்தபடி செய்தார்கள். ஆச்சரியம், அழகாகவே செய்தார்கள். சாருக்கு முதல் தடவையாக நம்பிக்கை பிறந்தது.

பரீட்சை அன்று வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். சொந்த வாத்தியார் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது சட்டம். அருமைநாயகம் சார் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த குட்டிச்சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன்கள் அளந்தார்கள், அறுத்தார்கள், பசை தடவிச் செருகினார்கள். ரசமட்டம் என்றதும் சொரிமுத்து பெட்டியிலிருந்து ரசமட்டத்தையே எடுத்தான். குட்டிச்சுவருக்குப் பின்னால் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்துணவுக் கூடத்துக்கு ஆறடி இருக்கும்போது குழாய் தீர்ந்துபோனது.

"சார், பைப் பத்தல" என்றான் கொம்பையா.

தேர்வாளர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருக்கிற பைப்பை வைத்து முடியுங்கள்."

நாலு பேரும் கூடி நின்று யோசித்தார்கள்.

"இருக்கிற பைப்புன்னா எது?"

"எது இருக்கோ அது."

"அன்னா, கிணத்தடியில ஒண்ணு இருக்கு பாரு. மோட்டார்ல இருந்து மேல போகுதே."

சொரிமுத்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "இருக்குல" என்றான்.

கேள்வி தீர்ந்தது. மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயில் சரியாக ஆறடியை அறுத்து எடுத்தார்கள். அந்த வருஷப் படிப்பில் அவ்வளவு நேராக அவர்கள் எதையும் அறுத்ததில்லை. சுவருக்குப் பின்னால் சார் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஜெபராஜும் பதிலுக்குக் கையை ஆட்டினான்.

கடைசி இணைப்பும் ஒட்டியாயிற்று. தொட்டியின் வால்வைத் திறந்தார்கள், திருகித்தான். சத்துணவுக் கூடத்துக் குழாய் கடகடவென்று உறுமியது.

"உள்ளே காற்று இருக்கிறது. அது போக வழி விடுங்கள்" என்றார் தேர்வாளர்.

பையன்கள் மரியாதையாக இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். காற்று போனது. பின்னாலேயே தண்ணீர் வந்தது, கைத்தடிப் பருமனில், பளபளவென்று. பூரணம் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். "பிளம்பரே!" என்றாள். சொரிமுத்து திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

தேர்வாளர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "பிரமாதம்! தலைமையாசிரியரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாய் திறந்தே இருந்தது.

பூரணம் அக்கா ஒரு குடத்தை அடியில் வைக்க வந்தாள். நாலு பேரும் குறுக்கே நின்றார்கள்.

"தொடக்கூடாதுக்கா."

"குழாயத் தொடலல. குடத்தத்தான் தொடுதேன்."

"எதையும்னு சொல்லிட்டாருக்கா. குடமும் எதையும்லதான வரும்?"

"அப்ப அதயாவது மூடுங்கடே! வீணாப் போகுதே!"

கொம்பையா அனுபவசாலி. "மூடுறதுக்குச் சட்டையக் கழத்தணும். கழத்துறதுக்குச் சட்டையத் தொடணும்" என்று வருத்தத்தோடு சொன்னான்.

தண்ணீர் தரையில் ஓடியது. வாசலைத் தாண்டியது. மைதானத்தில் இறங்கி, வரிசையாக விட்டிருந்த பிள்ளைகளின் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனது. அக்கா அரிசி மூட்டையைத் திண்டின்மேல் தூக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கைத்தடிப் பருமன் சுண்டுவிரலானது, சுண்டுவிரல் நூலானது. கடைசியில் இரண்டு சொட்டு விழுந்தது. நின்றுபோனது.

தேர்வாளரும் தலைமையாசிரியரும் வேட்டியையும் கால்சட்டையையும் தூக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள்.

"எங்கப்பா, தண்ணி வரலியே?" என்றார் தலைமையாசிரியர்.

"வந்துருச்சு சார்" என்றான் சொரிமுத்து பெருமையாக. "எல்லாம் வந்துருச்சு. இனிமே வாறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

தலைமையாசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மோட்டாரைப் போடுங்கல" என்றார். போட்டார்கள். அறுபட்ட குழாயிலிருந்து தண்ணீர் வளைந்து கிளம்பி, குட்டிச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அருமைநாயகம் சாரின் முகத்தில் நேராகப் போய் விழுந்தது. அவர் நகரவில்லை. எப்படியும் இப்படித்தான் முடியும் என்று தெரிந்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

தேர்வாளர் நியாயஸ்தர். "எனக்குக் கொடுத்த கேள்வி தொட்டியிலிருந்து கூடம் வரைக்கும்தான். அதில் பிழை இல்லை. மோட்டார் குழாய் பாடத்திட்டத்திலேயே கிடையாது. தலைமையாசிரியர் முன்னால் ஒரு தடவை தண்ணீர் வந்துவிட்டால் நாலு பேரும் பாஸ்" என்றார்.

"தொட்டியில தண்ணி ஏத்துங்கல! எப்படியாவது ஏத்துங்கல!" என்று கத்தினார் தலைமையாசிரியர்.

எப்படியாவது என்றால் பையன்களுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆளுக்கொரு குடம் எடுத்தார்கள். கிணற்றில் இறைத்து, தோளில் வைத்து, சத்துணவுக் கூடத்து வாசல் வழியாக நடந்து, இரும்பு ஏணியில் மாடி ஏறி, தொட்டியில் கொட்டிவிட்டு இறங்கினார்கள். ஐந்தாவது ஆளாக ஈரச் சட்டையோடு அருமைநாயகம் சாரும் ஒரு குடத்தோடு வந்தார். பாஸ் என்ற சொல்லைக் காதில் வாங்கிய பிறகு அவரும் யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

மணி பதினொன்று ஆகிவிட்டது. உலை வைக்கவில்லை. பூரணம் அக்கா வாசலுக்கு வந்து, நிறைகுடத்தோடு போன சொரிமுத்துவைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிளம்பரே, நேரமாச்சு. இந்தக் குடத்த அப்பிடியே அண்டாவுல ஊத்திட்டுப் போங்க."

சொரிமுத்து பதறிப்போனான். "என்னக்கா நீங்க! இது வெறும் கிணத்துத் தண்ணி. எட்டு வருஷமா இதத்தான பொங்குனீங்க? மேல போயிட்டு வரட்டும். அப்பதான் குழாய்த் தண்ணி."

அக்கா ஏணியைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான்" என்றாள். அண்டாவைக் குழாய்க்கு நேராக இழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் வந்த அருமைநாயகம் சாரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "சார், சிந்தாம ஏறுங்க! அடுத்தது உங்க குடம்தான் வரணும்!"