சார்ஜ் ஏத்தின வெறுங்குளத்தார்

வெறுங்குளத்துக்காரர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். புத்தியில் குறை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் செய்கிறவர்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கொம்பையா அன்று காலையிலிருந்தே வாசலுக்கும் திண்ணைக்குமாக நடந்துகொண்டிருந்தான். வந்த வரனெல்லாம் தட்டிப்போய்க் கடைசியாக அமைந்த துபாய் மாப்பிள்ளை, சாயங்காலம் அவன் தங்கச்சி செண்பகவடிவை லேப்டாப்பில் பார்க்கப் போகிறார். சந்தையில் வாங்கின அந்தப் பழைய லேப்டாப்போ, திறந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறது.

மச்சான் பூலையாவையும் சித்தப்பா மகன் நயினாரையும் கூட்டிக்கொண்டு டவுன் கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரியில சார்ஜ் நிக்கலையே" என்றார்.

"பாவம், எம்புட்டு நேரந்தான் நிக்கும்? உக்காரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் பூலையா.

கடைக்காரர் நல்ல மனுஷன், காதில் வாங்கிக்கொள்ளவில்லை. புது பேட்டரியை மாட்டி, கூடவே இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார். "மாத்து பேட்டரி ஒண்ணு எப்பவும் கைவசம் இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் முழுசா ஏத்திருங்க. சார்ஜ் இறங்க விட்டுராதீங்க."

மாத்து பேட்டரியைக் கையில் பிடித்த நயினார் பிடித்தவன்தான். மறுகையில் டிக்கெட். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வழியில்லாமல், ஒவ்வொருத்தர் மடியாக விழுந்து விழுந்தே ஊர் வந்து சேர்ந்தான்.

"சரி, எதுல ஏத்துறது?" என்று கேட்டான் கொம்பையா.

"பனையில ஏத்துவோம்" என்றான் நயினார்.

"கூறுகெட்டவனே, முழுசான்னுல்லா சொன்னாரு! ஊர்லயே உசரம் தண்ணித் தொட்டிதாம்லே" என்றான் பூலையா.

லேப்டாப்பைத் துண்டால் முதுகோடு கட்டிக்கொண்டு கொம்பையா ஏறினான். பின்னாலேயே பூலையா. நயினாருக்குக் கை ஒழியாததால், அவனைக் கயிறு கட்டி வாளி மாதிரி இழுத்தார்கள். உச்சியில் திறந்து பார்த்தால், பேட்டரிப் படம் பாதிதான் நிறைந்திருந்தது.

"பாதிதாம்லே ஏறியிருக்கு!" கொம்பையாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதீரும் மச்சான்" என்று அவன் தோளில் ஏறி நின்ற பூலையா, லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து அது மணியடித்தது. மாப்பிள்ளை!

கீழே பட்டுச்சேலையும் பூவுமாக நின்ற செண்பகவடிவு கத்தினாள். "அண்ணே, சீக்கிரம் கீழ கொண்டா!"

"இறக்குனா சார்ஜ் இறங்கிருமே தாயி! நீ மேல வா!"

அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். திரையில் மாப்பிள்ளைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பின்னால் வெறும் ஆகாயம்.

"மன்னிச்சுக்கிடுங்க மச்சான், லேட்டாயிட்டு. இங்கயும் சார்ஜ் இறங்கிட்டு. இருக்கிறதுலயே பெரிய கட்டடமாப் பாத்து, உச்சிக்கு ஏத்திட்டுத்தான் பேசுதேன்."

கொம்பையா படபடப்போடு தங்கச்சி முகத்தைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"சரின்னு சொல்லிருண்ணே. தரகரு ஆளு குட்டைன்னாரு. பாரு, எம்புட்டு உசரம்!"