போனிக்கு முன்னால் வந்த இஸ்திரிப் பெட்டி

இந்தக் கதையில் நியாயம் பேசுகிறவர்கள் மூன்று பேர். யார் பக்கம் சாய்வது என்பதைக் கேட்டு முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

சாத்தூர்க் கடைத்தெருவில் அருணகிரியின் கடை. பாத்திரத்தோடு மின்சாதனங்களும் உண்டு. செந்தாமரை அங்கே வாங்கிய இஸ்திரிப் பெட்டி நாலாம் நாளே ஷாக் அடித்துக் கையைச் சுண்டி இழுத்தது. தோள்வரை மரத்துப்போனது. மறுநாள் கடை திறந்ததுமே பில்லோடு போனாள். இன்னும் போனி ஆகவில்லை. முதல் வியாபாரத்துக்கு முன்னால் பொருளைத் திருப்பிக் கொடுப்பது ஆகாது என்று வளர்ந்தவள் அவள். பையை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள்.

அப்போது ஜெபமணி என்றொரு பெரியவர் வந்தார். மகள் தனிக்குடித்தனம் போகிறாளாம், இஸ்திரிப் பெட்டி வேண்டுமாம். அருணகிரி எடுத்து வைத்தது அதே கம்பெனி, அதே நீலம். செந்தாமரையின் பையில் இருப்பதும் அதுவே. வாய் திறந்தால் போனி கெடும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். பெரியவர் பெட்டியோடு பஸ் ஏறப் போய்விட்டார்.

அதற்குப் பிறகே இவள் பையைப் பிரித்தாள். அருணகிரி பில்லின் அடியில் இருந்த பொடி எழுத்தை நகத்தால் காட்டினார்.

"விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது. படிக்கத் தெரியும்லம்மா?"

கடையில் வேலை பார்க்கும் இசக்கியம்மாள் வாசல்வரை வந்து காதைக் கடித்தாள்.

"இந்த லோடே கோளாறுக்கா. நேத்தும் மூணு பேரு வந்து சண்ட போட்டுட்டுப் போனாங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

செந்தாமரை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பெரியவர் இல்லை. அவர் எந்த ஊர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கூனிக் குறுகி நின்றாள்.

பில்லிலேயே போட்டிருக்கிறேன் என்கிறார் அருணகிரி. வேலை போய்விடும் என்ற பயத்திலும் உண்மையைச் சொன்னேன் என்கிறாள் இசக்கியம்மாள். வழக்கத்தை மீறவில்லை என்கிறாள் செந்தாமரை. மூவரில் யார் பேச்சு எடுபடும்?

அருணகிரியின் பேச்சு எடுபடாது. கோளாறான பொருளை விற்றுவிட்டுத் திரும்ப வாங்க மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில்லில் நாள் குறிக்காவிட்டாலும் முப்பது நாள் அவகாசம் உண்டு. பொடி எழுத்து அதன்முன் நிற்காது. இசக்கியம்மாள் சொன்னது உண்மைதான்; ஆனால் அடிபட்டவளிடம் சொன்னாள், அடிபடப் போகிறவரிடம் சொல்லவில்லை. செந்தாமரைமீது சட்டம் ஒரு குற்றமும் சொல்லாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எல்லாவற்றையும் எழுதினாள். பையை மறைத்துக்கொண்டு நின்றதை மட்டும் எழுதக் கை வரவில்லை.