பொய்யே சொல்லாத ஆள்காட்டிக் குருவி

ஒரு காட்டில் சிங்கராஜா இருந்தார் என்று தொடங்குவேன் என்றுதானே காத்திருக்கிறீர்கள்? இந்தக் காட்டில் ராஜா இல்லை. ஒரு குட்டைதான் இருந்தது. கோடையில் ஓடையெல்லாம் வற்றிப்போனால் அந்தக் குட்டைதான் அங்கே ராஜா.

குட்டைக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. வானம் இடிந்து விழுந்தால் யார் தாங்குவது என்று காலை மேலே தூக்கிக்கொண்டு தூங்குமாமே, அதே பறவைதான். அவ்வளவு பொறுப்பு! தினமும் காலையில் விலங்குகள் எல்லாம் மேட்டில் கூடும். குருவி பாறைமேல் ஏறி, கரையில் என்ன நடந்தது, யார் வந்தார்கள் என்று சேதி சொல்லும். அதைக் கேட்காமல் ஒருவரும் தண்ணீரில் வாய் வைப்பதில்லை. குருவி பொய்யே சொன்னதில்லை. இதையும் அதுவே தினமும் சொல்லும்.

ஒருநாள் விடியற்காலையில், புள்ளிமானின் மூத்த குட்டியைச் சிறுத்தை அடித்துத் தின்றது. குருவி அதைப் பார்த்துவிட்டது. பாறைக்குப் பறக்கச் சிறகை விரித்தது.

"எங்கேயம்மா இவ்வளவு அவசரம்?" என்றது சிறுத்தை, மீசையை நக்கிக்கொண்டே.

"சேதி சொல்லத்தான். நான் பொய் சொல்லமாட்டேன், ஆமாம்."

"சேச்சே! உன்னைப் போய்ப் பொய் சொல்லச் சொல்வேனா? நீ உண்மையையே சொல். ஆனால் எங்கே ஆரம்பிக்கப் போகிறாய்?"

"நீங்கள் பாய்ந்ததில்."

"அதற்கு முன்னால் குட்டி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடியதே, அது உண்மை இல்லையா?"

"உண்மைதான்."

"அதில் ஆரம்பி. துரத்தும்போது என் காலில் முள் தைத்தது. அதுவும் உண்மை. அதில் முடி."

"நடுவில் நடந்தது?"

"நடுவில் எல்லாரும் கொட்டாவி விடுவார்கள். சேதி என்றால் சுருக்கமாக இருக்கவேண்டாமா?" சிறுத்தை, கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்த குருவியின் முட்டைகளைப் பார்த்தது. "நல்ல முட்டைகள். கீரி நடமாடுகிற இடமாயிற்றே! கரைமேல் நிற்கிற இந்த மரத்திலேயே நான் படுத்துக்கொண்டால் கீரி கிட்டே வராது. வேண்டாம் என்றால் சொல், போய்விடுகிறேன்."

குருவி யோசித்தது. ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"சேதி கேளுங்கள்!" என்று பாறைமேல் நின்று கத்தியது. "இன்று விடியலில் ஒரு மான்குட்டி குட்டையைக் கலக்கிக்கொண்டு ஓடியது. சிறுத்தையாருக்குக் காலில் முள் தைத்துவிட்டது. சேதி முடிந்தது!"

"ஐயையோ, முள்ளா!" என்று முயல் கண்கலங்கியது. எதைச் சொன்னாலும் நம்புவது அதன் வழக்கம்.

"இந்தக் காலத்துக் குட்டிகளுக்கு அடக்கமே இல்லை" என்றது காட்டுப்பன்றி. அது அப்போதுதான் குட்டையில் புரண்டு, பாதித் தண்ணீரைச் சேறாக்கிவிட்டு வந்திருந்தது.

தாய்மான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது. "என் பிள்ளையைச் சிறுத்தை கொன்றுவிட்டதே! ஐயா, கேட்பார் இல்லையா?"

"சேதியில் அப்படி ஒன்றும் வரவில்லையே?" என்றது பன்றி.

"கரைக்கு வந்து பாருங்கள். ரத்தம் இன்னும் காயவில்லை!"

"அதுதான் சேதி கேட்டாயிற்றே. இனிமேல் எதற்குப் போய்ப் பார்ப்பது?"

எல்லாரும் கூடிப் பேசி நியாயம் சொன்னார்கள். மான்கள் தண்ணீரைக் கலக்குவதால், இனி மற்றவர்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகு அந்தியில் வந்து குடிக்கவேண்டும். விடியலைப் போலவே அந்தியும் சிறுத்தையின் சாப்பாட்டு வேளை என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அதுவும் சேதியில் வரவில்லை அல்லவா!

தாய்மானுக்கு இன்னொரு சின்னக்குட்டி இருந்தது. வெயில் கொளுத்திய அந்தப் பகல் முழுக்க அது காய்ந்த நாக்கோடு தாயின் வயிற்றில் முட்டிக்கொண்டே இருந்தது. பொழுது சாய்ந்ததும் தாய்மான் கரைக்கு மேலே வந்து நின்றது.

"குருவியக்கா, ஒன்றே ஒன்று சொல். இருப்பது இந்த ஒரு குட்டிதான். கரையில் சிறுத்தை இருக்கிறதா?"

குருவி கரையைப் பார்த்தது. பிறகு, கரைக்கு மேலே நீண்டிருந்த கிளையைப் பார்த்தது. கிளையிலிருந்து இரண்டு கண்கள் அதைப் பார்த்தன.

"கரையில் சிறுத்தை இல்லை" என்றது குருவி. பார்த்தீர்களா, இதுவும் பொய்யில்லை!

குட்டி இறங்கித் தண்ணீரில் வாய் வைத்தது. மேலே கிளை கிரீச்சிட்ட சத்தம் தாய்மானின் காதில் விழுந்தது. ஒரே முட்டு! குட்டி நீருக்குள் உருண்டு, அக்கரையில் ஏறி ஓடிவிட்டது. சிறுத்தை குறி தவறி, நாலு காலும் ஊன்றிக் கூழாங்கற்களின்மேல் விழுந்தது.

குருவியின் முட்டைகள் அங்கேதான் இருந்தன.

"சீ, வழவழ என்று ஒட்டுகிறது" என்று காலை உதறிவிட்டு, சிறுத்தை மறுபடி மரமேறிப் படுத்துக்கொண்டது. கீரி மட்டும் வரவே இல்லை. சொன்ன சொல் தவறாத சிறுத்தை!

மறுநாள் காலையில் குருவி பாறைமேல் ஏறவில்லை. தரையில் புரண்டு கதறியது. "என் முட்டைகளைச் சிறுத்தை மிதித்து நசுக்கிவிட்டதே!"

"சிறுத்தையாருக்குக் கால் வழுக்கிவிட்டதா? அடி பலமா?" என்றது முயல்.

"காலடியில் போய் யார் கிடக்கச் சொன்னது?" என்றது பன்றி. "இந்தக் காலத்து முட்டைகளுக்கு அடக்கமே இல்லை."

"நான் சொல்வது உண்மை! நான் பொய்யே சொன்னதில்லை!"

"இருந்தாலும், நீ எப்போதும் சொல்கிற மாதிரி இல்லையே" என்றது முயல்.

அப்போது தாய்மான் முன்னால் வந்தது. குட்டி அதன் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நன்றாக நாலு வார்த்தை கேட்கப்போகிறது என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"குருவியக்கா" என்றது மான், "உன் சேதியை எங்கே ஆரம்பிக்கவேண்டும்? முட்டைகள் கரையில் கிடந்ததிலா, கால் வந்து விழுந்ததிலா?"

"கால் விழுந்ததில்" என்று குருவி விம்மியது.

"அப்படியென்றால், என் மூத்தவனுக்கும் அங்கேயே ஆரம்பி."

குருவி மெல்லப் பாறைமேல் ஏறியது. இந்தத் தடவை அது கத்தவில்லை.

"சிறுத்தை பாய்ந்தது. மானின் மூத்த குட்டியைக் கொன்று தின்றது. நான் பார்த்தேன். நேற்று அந்தியில் அது கிளையில் இருந்தது. எனக்குத் தெரியும். இப்போதும் அங்கேதான் இருக்கிறது."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இலைகளுக்கு நடுவே ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றும் அது அங்கேதான் தொங்கியது.

"இது ஒருதலைப்பட்சமான சேதி!" என்று கிளையிலிருந்து சிறுத்தை உறுமியது. "என் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?"

முயல் விசாரிக்க வாயைத் திறந்தது. பன்றி அதன் காலை ஒரு மிதி மிதித்தது.

அன்றுமுதல் சிறுத்தை எந்தப் புதரில் பதுங்கினாலும், குருவி அந்தப் புதரைச் சொன்னது. இருக்கும் இடம் தெரிந்துவிட்ட சிறுத்தைக்கு யார் சாப்பாடாகப் போவார்கள்? சின்னக்குட்டி காலையிலேயே வந்து, எல்லாரோடும் சேர்ந்து, தண்ணீரை நன்றாகக் கலக்கிக் கலக்கிக் குடித்தது. பன்றி பார்த்தது, சற்றுத் தள்ளி நின்று தானும் குடித்தது.

வயிறு ஒட்டிப்போன சிறுத்தை வேறு காட்டுக்குப் போய்விட்டது. போன இடத்தில், பொய்யே சொல்லாத குருவி எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நீதி: செய்தவனை விட்டுவிட்டுச் சொன்னால், சொன்னதெல்லாம் உண்மையானாலும் அது பொய்தான்.