வடிவாம்பாள் வாயை மூடச் சொன்ன சர்வர்

கணினிகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கரட்டுமலை உச்சியில் ஒரு சர்வர் இருந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறினால் கீழே கரையூரில் இருக்கும் சைரனுக்குச் சேதி அனுப்புவது அதன் வேலை. அடிவாரத்து அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் வடிவாம்பாள். இன்று சிஸ்டம் அட்மின் என்று சொல்லிக்கொள்கிறோமே, எங்கள் வம்சத்துக்கே மூத்தவள் அவள்தான். மவுஸா? அதைத் தொட்டதே இல்லை. கறுப்புத் திரையும் அவள் பத்து விரலும் போதும், எந்த ஊர் சர்வரும் சொன்னபடி கேட்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்!

ஒருநாள் சர்வரின் நெட்வொர்க் முகவரியை மாற்ற வேண்டி வந்தது. மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று, "பழைய முகவரியை எடுத்துவிடு" என முதல் கட்டளையைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க," என்றது சர்வர். "அந்த முகவரி வழியாத்தானே என்கிட்ட பேசிட்டிருக்கீங்க? அதை எடுத்துட்டா, புது முகவரியை எப்படி எனக்குச் சொல்வீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் வேகத்துக்குப் பேர்போன கை அல்லவா, பொறுக்குமா?

"எனக்கே பாடம் எடுக்கிறியா? வாயை மூடிட்டுச் சொன்னதைச் செய்!"

சர்வர் வாயை மூடியது. சொன்னதைச் செய்தது.

அடுத்த கட்டளை போய்ச் சேரவில்லை. "இருக்கியா?" என்று பிங் அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். ம்ஹூம். மலையில் மழை பிடித்துவிட்டது. வெள்ளம் வந்தால் சர்வருக்குத் தெரியும், ஆனால் சொல்ல வழியில்லை. கரையூர் சனங்கள் ஒன்றும் அறியாமல் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலையில் கை வைத்து உட்காருகிற சாதியா நாங்கள்? கீபோர்டையும் சின்னத் திரையையும் பாலிதீனில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினாள். பாதை அரித்துப்போன இடத்தில் இறங்கி, காலில் அட்டை கடிக்கக் கடிக்க ஏறினாள். உச்சியில் சர்வரோடு நேரே இணைத்துப் புது முகவரியைத் தட்டினாள். அதன் வழியாகக் கரையூர் சைரனுக்குப் பிங் அனுப்பினாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்!"

உடனே வெள்ளச் சேதி பாய்ந்தது, சைரன் அலறியது. தெருவுக்குள் தண்ணீர் நுழைந்தபோது சனங்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"தப்பு என்மேலதான்டா தம்பி. பேசு," என்றாள் சர்வரிடம்.

சர்வர் பேசவில்லை. வாயை மூடு என்ற கட்டளைக்கு மாற்றுக் கட்டளையை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. திரையில் கர்சர் மட்டும் விட்டு விட்டு மின்னியது. வடிவாம்பாள் தேம்பி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே நீ என்னைத் தடுக்க மாட்டே. அதனால முன்கூட்டியே நானே சொல்லி வைக்கிறேன். முகவரியை மாத்தின கொஞ்ச நேரத்துல என் குரல் கேக்கலைன்னா, நீயா பழைய முகவரிக்குத் திரும்பிடு." அதையே கட்டளையாகவும் தட்டினாள்.

மற்ற கணினிகளும் அந்தச் சர்வரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டன. அன்று முதல்தான் அவை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, மற்ற நேரமெல்லாம் கர்சரை மினுக்கியபடி காத்திருக்கின்றன. அந்த மலை ஏறியவளின் வம்சமான நாங்களும், தூரத்துச் சர்வரின் முகவரியில் கை வைக்கும் முன், அது திரும்பி வரும் வழியைச் சொல்லி வைத்துவிட்டுத்தான் என்டர் தட்டுகிறோம்.