ஆனைமடுவில் ஓர் ஒப்பாரி

நல்லாற்றூர்ச் சீமையை ஆண்ட வீரகேசரி ராஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குடியா என்றால் இல்லை. சூதா என்றால் அதுவும் இல்லை. ஆடிப்பெருக்கன்று, ஆறு இரு கரையும் தொட்டு ஓடும்போது, ஆற்றங்கரை மண்டபத்து உச்சியிலிருந்து ஆனைமடுவில் குதிப்பார். ஆனையையே சுழற்றி உள்ளே இழுத்துவிடும் மடு அது. ராஜா எப்படியோ கரையேறி மீசையை முறுக்குவார். ஊரே கைதட்டும்.

மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி. இளவட்டங்களும் பின்னாலேயே குதித்தார்கள். போன வருஷம் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதில் ஒருவனுடைய தாய், அரண்மனை விகடகவி பஞ்சநதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ராஜாகிட்டப் பேசுறவராச்சே, ஒரு வார்த்தை சொல்லப்படாதாய்யா?" என்று கதறினாள். ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கும் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் ஆடி பிறந்ததுமே பஞ்சநதம் சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, மடுவில் யாரும் குதிக்கக் கூடாது."

"நல்ல யோசனை. ஒரு பயலும் குதிக்காதபடி நீயே பார்த்துக்கொள். ஆனால் நான் குதிப்பேன்."

"தாங்கள் குதித்தால் அவர்களும் குதிப்பார்களே!"

"அதைத் தடுக்கத்தானே உனக்குப் புத்தி இருக்கிறது?"

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றால் என்னதான் செய்வது! பஞ்சநதம் காதைச் சொறிந்தார்.

"அப்படியானால் ஒரே ஒரு உத்தரவு போடுங்கள். குதிக்கிறவர் எவரானாலும், முதலில் கரையில் நின்று தமக்கான ஒப்பாரியைக் கேட்க வேண்டும். கேட்டு முடித்த பிறகு தாராளமாகக் குதிக்கட்டும்."

"உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரியா?"

"செத்த பிறகு பாடினால் அவனுக்குக் கேட்காதே, மகாராஜா!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, முத்திரை போட்டுக் கொடுத்தார்.

ஆடிப்பெருக்கு வந்தது. பெண்கள் ஆற்றுக்குப் பூவும் காதோலை கருகமணியும் விட்டுக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தடியில் பூவாயி தன் கூட்டத்தோடு தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும். அதோடு, ஊரில் அவளுக்குத் தெரியாத வீட்டு விஷயம் கிடையாது.

முதலில் சிலம்பக்கார வேலாண்டி தொடையைத் தட்டிக்கொண்டு வந்தான். பூவாயி மாரில் அடித்துக்கொண்டாள்.

"பல்லி விழுந்தாலே பதறி அழுதவனே,
பாழும் மடுவுக்குள்ளே பாய்ஞ்சு போனாயோ!
கட்டிக்கப் போறவளுக்குக் கம்மல் வாங்கித் தாரேன்னு
பித்தளையைக் கொடுத்துட்டுக் கண்ணை மூடிட்டாயோ!"

"என்னது, பித்தளையா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வேலாண்டி துண்டைக்கூட எடுக்காமல் ஓடினான். அவன் பின்னால் நின்ற வரிசை தானாகவே கலைந்தது. யாருக்குத்தான் வீட்டு விஷயம் இல்லை!

"சபாஷ் பஞ்சநதம்! பயல்கள் தொலைந்தார்கள். இனி நான்" என்று ராஜா மகுடத்தைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, மண்டபத்தின் மேல் ஏறினார்.

"உத்தரவில் எவரானாலும் என்று இருக்கிறதே, மகாராஜா."

"பாடட்டுமே! எனக்கென்ன பயம்?"

பஞ்சநதம் ஓடினவர்களைத் திரும்பிப் பார்த்தார். இந்த மனிதர் குதித்துவிட்டால் ஓடின பயல்கள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

பூவாயி ராஜாவின் வீரத்தைச் சொல்லி அழுதாள். ராஜா தலையை ஆட்டி ரசித்தார். அப்போது அவள் பார்வை கீழே எங்கோ போயிற்று. பாட்டும் அங்கே திரும்பியது.

"தங்க மகுடத்தைத் தட்டிலே வச்சவரே,
தாங்கிக்க வேறொரு தலை வந்து நிக்குதையா!"

ராஜா குனிந்து பார்த்தார். கீழே நின்றவன் ராணியின் தம்பி சிங்காரத்துரை. சாப்பாடும் தூக்கமும் தவிர வேறு வேலை அறியாத புண்ணியவான். மகுடம் அவன் தலையில் இருந்தது. பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் தொளதொளங்குது" என்றான் பக்கத்துக் காவலனிடம். "உள்ளே துணி வச்சாச் சரியாப்போயிடும்." பிறகு அண்ணாந்து பார்த்து, "நேரமாகுதே, குதிங்க அத்தான்!" என்றான்.

ராஜா குதிக்கவில்லை. ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கி வந்து, மைத்துனன் தலையிலிருந்து மகுடத்தைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். திடீரென்று ராஜாவே விழுந்து விழுந்து சிரித்தார்.

"இனி ஆனைமடுவில் எவரும் குதிக்கக் கூடாது. நானும்தான்! மடுவைச் சுற்றி வேலி போடுங்கள். ஆழமில்லாத இடத்தில் ஊருக்கு ஒரு படித்துறை கட்டுங்கள்" என்று உத்தரவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றிப் பஞ்சநதத்தின் கழுத்தில் போட்டார். போடுகிறபோதே அவர் காதருகில் குனிந்து கேட்டார்:

"உண்மையைச் சொல். அவன் தலையில் மகுடத்தை வைக்க ஏற்பாடு செய்தது நீதானே?"

"சத்தியமாக இல்லை, மகாராஜா. நான் ஒப்பாரிக்கு மட்டும்தான் ஏற்பாடு செய்தேன். மகுடத்தை அவராகவே எடுத்துக்கொண்டார்."