‘ம்’ கொட்டிய செலவு

வைரவநாதன் வங்கித் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபது வயது இளையவரான மங்கையர்க்கரசி அம்மையிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். தியானம் கைகூடவில்லை. ஆகவே ஆசிரமத்தின் வரவுசெலவு அவர் கைக்கு வந்தது.

பக்தர்கள் செல்பேசியில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆசிரமம் ஒரு ஏஐ வைத்திருந்தது. முதல் மாத பில் வந்தது. வைரவநாதன் போட்ட மதிப்பீட்டைப் போல் எட்டு மடங்கு.

“அறங்காவலர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் குரு.

“பக்தர்களுக்குப் போடுகிற மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தித்தான் இதைக் கட்டணுமாம், தாயே. சாப்பாடு நடக்கணும் என்றால் அடுத்த மாதத்துக்கு நம்பும்படியான கணக்கு சாயங்காலத்துக்குள் வேண்டுமாம்.”

“கணக்கில் எங்கே தப்பு?”

“எங்கேயும் இல்லை. கேள்விகள் நான் நினைத்த அளவுக்குத்தான் வந்திருக்கின்றன. ஒன்றும் புரியாமல் ஏஐயிடமே கேட்டேன்.”

“என்ன சொன்னது?”

“அருமையான கேள்வி என்றது. அதற்கும் காசு பிடித்துவிட்டார்கள்.”

குரு சிரித்தார். “ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள். ஒரு ஊரில் ஒரு யானை இருந்தது.”

“ம்.”

“ஒரு ஊரில் ஒரு யானை இருந்தது. அதற்குக் கரும்பு என்றால் உயிர்.”

“ம்.”

“ஒரு ஊரில் ஒரு யானை இருந்தது. அதற்குக் கரும்பு என்றால் உயிர். ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்தது.”

“ம்.”

“ஒரு ஊரில் ஒரு யானை—”

“தாயே! அறங்காவலர் வந்துவிடுவார். எதற்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து?”

“அந்த ஏஐக்கு ஞாபகம் கிடையாது, ஐயா. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால், அதுவரை நடந்த பேச்சு முழுவதையும் படித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை சொல்லும். படிப்பதற்கும் கூலி உண்டு.”

“நான் எங்கே வாயைத் திறந்தேன்?”

குரு அவரைப் போலவே ‘ம்’ கொட்டிக் காட்டினார்.

வைரவநாதன் எழுந்து ஓடினார். பேச்சுப் பதிவுகளைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“எல்லாரும் ‘ம்’ கொட்டுகிறார்கள், தாயே! ஒரு அம்மாள் காலையிலிருந்து மத்தியானம் வரை. ‘பெரியவங்க பேசுறப்ப சும்மா இருந்தா மரியாதையா இருக்காதுங்க’ என்று அதனிடமே சொல்கிறார். அது நெகிழ்ந்துபோய் இன்னும் நாலு பத்தி பேசுகிறது.”

“பிறகு?”

“மறுபடி ‘ம்’.”

“இப்போது கணக்கு வருமா?”

“வரும். ஒரு கேள்வி, ஒரு பதில், இணைப்பு துண்டிப்பு. பைசா பிசகாது. ஆனால்…” வைரவநாதன் தயங்கினார். “அந்த அம்மாளுக்குச் சந்தேகம் என்று ஒன்றுமே இல்லை. வீட்டில் பேச ஆளில்லை. துண்டித்தால் பாவம்.”

“மத்தியானம் பந்திக்கு வரச் சொல்லுங்கள். ‘ம்’ கொட்டுகிற எல்லாரையும் வரச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்காரட்டும்.”

வைரவநாதனுக்குள் இருந்த தணிக்கையாளர் விழித்துக்கொண்டார். “எழுந்திருக்கவே மாட்டார்களே, தாயே! அந்தச் செலவை எப்படிப் போடுவது?”

“எவ்வளவு நேரம் பேசினாலும், ஐயா,” என்றார் குரு, “சோறு ஒரு தடவைதான் வேகும்.”